கலைத்துக் கொடுத்தவன்

கிரிசெல்தா அனுப்பிய காணொளியை எல்பியோ மூன்று வாரமாகத் திறக்கவே இல்லை. நாலு பேர் முன்னால் தான் தோற்றதைத் தனியாக உட்கார்ந்து இன்னொரு தடவை பார்க்க யாருக்கு மனம் வரும்? அது பாட்டுக்குச் செல்பேசியில் கிடந்தது. மூக்குக்கண்ணாடிக் கடையின் பின்கட்டில் வில்லைகளைத் தேய்த்துக்கொண்டிருக்கும்போதுகூட, சட்டைப்பைக்குள் அது இருக்கிறது என்ற நினைப்பு ஒரு சிறாய் போல உறுத்திக்கொண்டே இருந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை மதியம் அவன் அதைத் திறந்ததற்கு ஒரே காரணம்தான். அன்று காலை அவனுக்கு ஒரு விஷயம் உறுதியாகிவிட்டது. அவன் கணக்கில் ஓட்டை இல்லை.

வெளியே மழை. மேல்வீட்டில் யாரோ மாவை வட்டம் தட்டிப் பொரித்துக்கொண்டிருந்தார்கள். மழை என்றால் மொந்தேவீடியோ நகரத்தில் எல்லா வீட்டிலும் எண்ணெய்ச் சட்டி ஏறிவிடும். அந்த வாசனைக்கு அவனுக்கு எப்போதும் பசிக்கும். அன்று பசிக்கவில்லை. கணக்கு சரி என்றால், தோற்றுப்போன அந்தச் சனிக்கிழமை அவன் கையில் இருந்தது என்ன?

அந்தக் கட்டையைப் பற்றிச் சொல்லாமல் இந்தக் கதை நகராது. பார்வைக்கு ஒன்றும் பெரிதில்லை. இரண்டு சின்ன ரூபிக் கனசதுரங்களை ஒட்டவைத்த மாதிரி ஒரு நீளக் கட்டை. பதினாறு துண்டுகள். ஒவ்வொன்றுக்குள்ளும் காந்தம், ஒவ்வொன்றின் மேலும் நான்கு நிறம். நமக்குத் தெரிந்த திசைகள் நீளம், அகலம், உயரம் என்று மூன்றுதான். நான்காவதாக ஒரு திசை இருந்து, அங்கே ஒரு கனசதுரம் இருந்தால் அது எப்படித் திரும்பும்? அதற்கேற்ப இந்தக் கட்டைக்குச் சில திருப்பங்களை மட்டும் விதியாக வகுத்திருக்கிறார்கள். அந்தத் திருப்பங்களால் கலைத்து, அந்தத் திருப்பங்களாலேயே நிறங்களை மறுபடி சேர்க்கவேண்டும். எவ்வளவு வேகமாக, எவ்வளவு குறைந்த திருப்பத்தில் என்பதுதான் போட்டி.

சாதாரண ரூபிக் கனசதுரத்தில் உள்ளே இருக்கும் பொறியே காவல்காரன். தப்பாகத் திருப்பினால் திரும்பாது. இதில் காவல் கிடையாது. ஒரு துண்டைப் பிடுங்கி எடுத்துத் திருகி வைத்தாலும் காந்தம் ஆவென்று வாங்கி ஒட்டிக்கொள்ளும். விதியில் இல்லாத நூறு காரியத்தைக் கை செய்யலாம், யாருக்கும் தெரியாது. ஆகவே நான்காவது திசை அந்தப் பிளாஸ்டிக்குக்குள் எங்கும் இல்லை. அதைப் பிடித்திருப்பவனின் நாணயத்தில்தான் இருக்கிறது. எல்பியோவுக்கு இந்த விளையாட்டில் மிகவும் பிடித்ததே அதுதான். இதுவரை அவன் அதை யாரிடமும் சொன்னதில்லை.

அந்த நகரத்தில் இதைக் கையில் எடுக்கிறவர்கள் ஆறே பேர். ஊனியோன் பகுதியில் கிழவர்கள் மரப்பந்து உருட்டி ஆடும் ஒரு பழைய கிளப் உண்டு. சனிக்கிழமை மதியங்களில் அதன் பின்னறையில் கூடுவார்கள். கூட்டத்தை ஆரம்பித்தவன் தார்தோ. வானொலி நிலையத்தில் ஒலிப்பதிவு பார்ப்பவன், எல்பியோவுக்குப் பள்ளிக்கூடத்திலிருந்து சிநேகிதன்.

அங்கே ஒரு வழக்கம். தீர்க்கப்போகிறவன் தன் கட்டை கலைக்கப்படுவதைப் பார்க்கக் கூடாது. ஆகவே ஒவ்வொருவருக்கும் கலைத்துக் கொடுக்க ஒரு ஆள் உண்டு. அந்த ஆள் மரப்பந்துகள் வைத்திருக்கும் பக்கத்து அறைக்குப் போய், கதவைச் சாத்திக்கொண்டு, செல்பேசி சொல்லும் வரிசைப்படி திருப்பிக் கொண்டுவந்து தருவான். வாங்கியதும் அது ஒழுங்காகக் கலைக்கப்பட்டதா என்று எண்ணிப் பார்க்க உரிமை உண்டு. ஆனால் யாரும் செய்யமாட்டார்கள். அது, வீட்டில் தட்டில் போட்டதை மோந்து பார்த்துவிட்டுச் சாப்பிடுவது போல. எல்பியோவுக்குக் கலைத்துக் கொடுப்பவன் தார்தோ. தார்தோவுக்கு எல்பியோ. வேறு யாரும் அந்த இரண்டு கட்டைகளையும் தொட்டதே இல்லை.

எல்லாரும் தீர்த்தது தார்தோ காட்டிய வழியில். எதிரெதிர் நிறங்கள் இரண்டை முதலில் கட்டையின் இரண்டு முனைக்கும் பிரித்து அனுப்பிவிட்டால், கட்டை இரண்டு பாதியாகிவிடும். ஒவ்வொரு பாதியையும் சாதாரணக் கனசதுரம் போலவே முடிக்கலாம். ஒரே சங்கடம், இரண்டாம் பாதி சில சமயம் கடைசியில் முரண்டு பிடிக்கும். அப்போது முடித்ததைக் கலைத்துக்கொண்டு பாதி தூரம் திரும்பிப் போகவேண்டும். எல்பியோ பல வருடம் யோசித்து வேறொன்று கண்டுபிடித்திருந்தான். நிறங்களைப் பிரிக்கும்போதே சில துண்டுகளை வேண்டுமென்றே முடிக்காமல் ஒதுக்கி வைத்து, அவற்றின் முறுக்கைக் கவனித்துக்கொண்டே போனால், கடைசியில் கைக்கு வரும் கோலங்கள் மிகச் சிலதான். ஒவ்வொன்றுக்கும் ஒரு குட்டித் திருப்ப வரிசை. முரண்டு என்ற பேச்சே இல்லை. அப்படித்தான் வரும் என்று நிறுவி எழுதியும் வைத்திருந்தான்.

கிரிசெல்தா ஆற்றைக் கடந்து பக்கத்து நாட்டு ரொசாரியோ நகரிலிருந்து வந்தது அதைப் பார்க்கத்தான். அவளும் அவள் கூட்டாளிகளும் இணையத்தில் ஒரு பக்கம் நடத்துகிறார்கள். ஸ்பானிஷ் பேசும் நாடுகளில் யார் இந்தக் கட்டையை வாங்கினாலும் அங்கே போய்த்தான் கற்றுக்கொள்வார்கள். எல்பியோவின் வழியை அதில் போட்டுவிட்டிருந்தாள். நேரில் பார்த்துப் படம் பிடித்துவிட்டால், இனி கற்றுக்கொடுப்பதே அதுதான் என்று சொல்லியிருந்தாள். நாற்பதைத் தாண்டியும் தன் பெயர் ஒட்டிய எதையும் இந்த உலகத்தில் விட்டிருக்காத மனிதன் அவன். அந்த வாரம் முழுக்க வில்லை தேய்க்கும்போது தனக்குள் சிரித்துக்கொண்டிருந்தான்.

அந்தச் சனிக்கிழமை எல்லாம் அழகாகத்தான் போயிற்று. தார்தோ கலைத்துக் கொண்டுவந்து வைத்தான். எல்பியோ ஆரம்பித்தான். பழைய வழியில் ஆகும் நேரத்தில் பாதிகூட ஆகவில்லை, கடைசிப் பாதிக்கு வந்துவிட்டான். மருந்துக்கடையில் வேலை பார்க்கும் இவோன் பின்னாலிருந்து, "ஏய், இவன் கையில பேய் பூந்துடுச்சு பாரு," என்றாள். கிரிசெல்தா மூச்சுவிடாமல் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

அப்போது அந்தக் கோலம் வந்தது.

அது அவன் பட்டியலில் இல்லை. கட்டையை உருட்டி இந்தப் பக்கம் பார்த்தான், அந்தப் பக்கம் பார்த்தான், தலைகீழாகப் பிடித்துப் பார்த்தான். இல்லை. காது மடல் சூடேறியது.

"என்ன ஆச்சு?" என்றாள் இவோன்.

"இது வரக்கூடாது."

"வரக்கூடாதுன்னா என்னங்க அர்த்தம்? வந்திருக்கே," என்றாள் கிரிசெல்தா. குத்தலாகச் சொல்லவில்லை, புரியாமல்தான் கேட்டாள்.

அவன் நிறுவி எழுதியதில் ஒரே ஒரு இடத்தில், முழுக்கச் செய்து பார்க்காமல், "இதுவும் அதே போல" என்று எழுதித் தாண்டியிருந்தான். அந்த நொடியில் அவன் மனம் நேராக அங்கே போய் விழுந்தது. மாட்டிக்கொண்டோம் என்று நினைத்தான்.

"என் கணக்குல ஓட்டை இருக்குங்க," என்றான்.

"இன்னொரு தடவை பண்ணிப் பாருங்களேன்."

"வேண்டாம். ஒரு தடவை வந்தா மறுபடியும் வரும். வழியே தப்பு. உங்க பக்கத்துலருந்து எடுத்துடுங்க."

பாதியில் நின்றுபோனவன் தன் கையாலேயே கட்டையைப் பிரித்து, துண்டு துண்டாகச் சரியாக அடுக்கிவைத்துவிட்டு எழவேண்டும் என்பதும் அங்கே வழக்கம். அடுக்கி முடிக்கும்வரை மற்றவர்கள் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள், மரியாதைக்கு. அவன் அடுக்கினான். காந்தங்கள் ஒவ்வொன்றாக ஒட்டும் சத்தம் மட்டும் கேட்டது. தார்தோ சுவரில் சாய்ந்து, கை கட்டிக்கொண்டு, ஜன்னல் வழியாகக் கிழவர்களின் ஆட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

பிறகு பஸ் நிறுத்தம்வரை கூடவே வந்ததும் தார்தோதான். தோளில் கை போட்டுக்கொண்டு வந்தான். "விடுடா. நமக்குப் பழைய வழியே போதும். அவசரமா எங்க போகப்போறோம்?" என்றான். பஸ் வருவதற்குள் எல்பியோ அவன் கையைப் பிடித்துக்கொண்டான். "நீ மட்டும் இல்லேன்னா நான் அங்கயே உடைஞ்சிருப்பேன்டா. ரொம்ப நன்றி," என்றான். தார்தோ அவன் முதுகில் இரண்டு தட்டுத் தட்டினான்.

இப்போது, இந்த ஞாயிற்றுக்கிழமை, எல்பியோ காணொளியைக் கடைசியிலிருந்துதான் பார்க்க ஆரம்பித்தான். தவித்துப்போய்க் கட்டையை அவன் எல்லாப் பக்கமும் உருட்டியிருந்ததால், பதினாறு துண்டுகளும் தெளிவாகத் தெரிந்தன. நிறுத்தி நிறுத்தி, ஒவ்வொரு துண்டின் முறுக்கையும் எண்ணினான்.

இதில் ஒரு சட்டம் உண்டு. ஒரு துண்டில் ஒரு நிறம் தன் இடத்தில் நிற்க, மற்ற மூன்றும் ஒன்றின் இடத்தை ஒன்று பிடித்துச் சுழன்றிருந்தால், அது ஒரு முறுக்கு. எதிர்ப்பக்கம் சுழன்றிருந்தால் அது இரண்டாகக் கணக்கு. எத்தனை ஆயிரம் தடவை விதிப்படி திருப்பினாலும், கட்டை முழுவதற்குமான முறுக்குக் கணக்கை மூன்றால் வகுத்தால் மீதி வராது. கட்டையை நேற்று வாங்கியவனுக்கும் இது தெரியும்.

எண்ணினான். ஒன்று மீதி நின்றது.

இன்னொரு தடவை எண்ணினான். மறுபடியும் ஒன்று.

ஒருவேளை தீர்க்கும்போது தன் கையே தவறியிருக்குமோ என்று, ஆட்டம் முழுவதையும் மெதுவாக ஓடவிட்டுப் பார்த்தான். ஒரு திருப்பம்கூடப் பிசகவில்லை. அப்படியானால் அவன் முன்னால் வைக்கப்படும்போதே கட்டை கெட்டுப்போயிருந்தது. திருப்பித் திருப்பி அந்தக் கோலத்துக்கு வர வழியில்லை. யாரோ ஒரு துண்டைக் கழற்றி மாற்றி ஒட்டியிருக்கவேண்டும். அந்தக் கட்டையைத் தொட்டது இரண்டே பேர்.

அவன் காணொளியின் ஆரம்பத்துக்குப் போனான். தீர்க்கத் தொடங்குவதற்கு முந்தைய பகுதி, யாரும் பார்க்காத பகுதி. கிரிசெல்தா கேமராவைச் சரிசெய்துகொண்டிருக்கிறாள். எல்பியோ மேஜையில் உட்கார்ந்திருக்கிறான். அவனுக்குப் பின்னால் பந்து அறையின் கதவு, சாத்தியிருக்கிறது. உள்ளே தார்தோ. பேச்சுச் சத்தத்துக்கு நடுவே, கதவுக்கு அந்தப்புறம், சிமிட்டித் தரையில் எதுவோ சிதறும் சின்னச் சத்தம். யாரும் திரும்பவில்லை. கொஞ்ச நேரம் கழித்துக் கதவு அரைச் சாண் திறக்கிறது. கதவு விளிம்பில் விரல்கள் தெரிகின்றன.

அந்த நேரம் பார்த்துக் கிரிசெல்தா கேட்கிறாள்: "பழைய வழிக்கும் உங்க வழிக்கும் என்ன வித்தியாசம்? சுருக்கமாச் சொல்லுங்களேன்."

எல்பியோ தன் குரலையே கேட்டான். "பழைய வழியா? பக்கத்துத் தெருவுக்குப் போக பிரேசிலைச் சுத்திட்டு வர்றது. நம்ம தார்தோ இன்னும் அதுலதான் போய்ட்டிருக்கான். போறதுதான் போறான், வர்றப்போ ஒரு சீப்பு வாழைப்பழமாவது வாங்கிட்டு வரலாம்."

எல்லாரும் சிரித்தார்கள். இவோன் மேஜையைத் தட்டித் தட்டிச் சிரித்தாள்.

விரல்கள் மறைந்தன. கதவு மறுபடி சாத்திக்கொண்டது.

எல்பியோ அதை மூன்றாவது தடவையாகப் பார்த்துவிட்டு, மேல்சட்டையை எடுத்து மாட்டிக்கொண்டு கிளம்பினான்.

தார்தோ காலுறையோடு வந்து கதவைத் திறந்தான். "இந்த மழையில என்னடா? நனைஞ்ச கோழி மாதிரி நிக்கறே. வா, உள்ள வா."

அவன் வீட்டுச் சுவர்களில் சத்தத்தை விழுங்கும் தக்கை ஒட்டியிருக்கும். உள்ளே போனால் மழை பெய்வதே தெரியாது. மேஜையில் சுரைக்குடுவை இருந்தது, பக்கத்தில் வெந்நீர்க் குடுவை. தார்தோ சுரைக்குடுவைக்குள் இருந்த, அந்த ஊர்த் தேநீரான மாத்தே இலையின் மேல் வெந்நீர் விட்டு, கசக்கும் முதல் சுற்றைத் தானே உறிஞ்சினான். பிறகு மறுபடி ஊற்றி எல்பியோவிடம் நீட்டினான். எல்பியோ குடித்தான். குடுவையைத் திருப்பிக் கொடுக்கும்போது, "நன்றி," என்றான்.

இனி வேண்டாம் என்கிறவன்தான் அந்த ஊரில் குடுவையோடு நன்றி சொல்வான். தார்தோ நிமிர்ந்து பார்த்தான்.

"ஒண்ணோட நிறுத்திட்டே? உடம்பு கிடம்பு சரியில்லையா?"

எல்பியோ உடனே பதில் சொல்லவில்லை. தார்தோ அதற்குப் பழகியவன். பள்ளிக்கூட நாளிலிருந்தே இவன் ஒரு பேச்சுக்கும் அடுத்த பேச்சுக்கும் நடுவில் ஒரு தெரு நடந்துவிட்டு வருகிறவன்தான்.

"என் கணக்கு சரிடா," என்றான் எல்பியோ கடைசியில்.

"எது?"

"அன்னிக்குப் பண்ணினது. வழி சரி. கட்டைதான் தப்பு. ஒரு முறுக்கு மீதி இருக்கு."

தார்தோ குடுவையில் வெந்நீர் ஊற்றினான். கொஞ்சம் மேஜையில் சிந்தியது. "திருப்பறப்ப உன் கை தவறியிருக்கும்."

"முழுக்கப் பார்த்தேன். தவறலை."

"அப்ப..." தார்தோ சட்டைக் கையால் மேஜையைத் துடைத்தான். "இரு, இரு. இப்ப நெனச்சாத்தான் ஞாபகம் வருது. கலைக்கறப்போ ஒரு தடவை கீழ விழுந்துச்சு. ரெண்டு துண்டு கழண்டு போச்சு. எடுத்து ஒட்டினேன். அந்த ரூம்ல லைட்டும் ஒழுங்கா எரியாது, உனக்கே தெரியும். சரியாத்தான் ஒட்டினேன்னு நெனச்சேன். கவனிக்கலைடா. அடச்சே."

எல்பியோ அவன் முகத்தைப் பார்த்தான். இதோடு நிறுத்திவிட்டால் என்ன என்று தோன்றியது. கை தவறியது, இருட்டு, கவனக்குறைவு. மன்னிக்க எவ்வளவு சுலபமான தப்பு. கதவு மட்டும் திறக்காமல் இருந்திருந்தால், இந்நேரம் இரண்டு பேரும் தலையில் அடித்துக்கொண்டு சிரித்திருப்பார்கள்.

"கதவைத் திறந்தியே," என்றான்.

"எந்தக் கதவு?"

"வீடியோல தெரியுது. கீழ விழற சத்தம் கேக்குது. அப்புறம் கதவு திறக்குது. அப்புறம் மூடுது."

தார்தோ வெந்நீர்க் குடுவையை மூடி வைத்தான். குளிர்ப்பெட்டி ஒரு தடவை முனகிவிட்டு அடங்கியது.

"நீ என்ன சொன்னேன்னு கேக்குதா அதுல?" என்றான் தார்தோ.

"கேக்குது."

"ஒரு சீப்பு வாழைப்பழம்." தார்தோ சிரித்தான், சத்தம் வராமல். "அந்தக் கட்டையை உன் கையில கொடுத்ததே நான்டா. ஒவ்வொரு திருப்பமும் உன் விரலைப் பிடிச்சுக் காட்டினது நான். ரொசாரியோலருந்து ஒருத்தி கேமராவோட வந்து நின்னதும், நான் பிரேசிலைச் சுத்தறவன் ஆயிட்டேன்."

"அது ஒரு கேலிடா."

"கேலிதான். நல்லாத்தான் இருந்துச்சு. வேற யாரைப் பத்தியாவது சொல்லியிருந்தா நானும் சிரிச்சிருப்பேன். விழுந்துடுச்சு, மறுபடி கலைக்கறேன்னு சொல்லத்தான் கதவைத் திறந்தேன். நீங்க எல்லாரும் பல்லைக் காட்டிட்டு நிக்கறீங்க. அந்த மூஞ்சிங்க முன்னாடி வந்து, 'ஐயா, கட்டையையும் கீழ போட்டுட்டேன்'னு சொல்லணுமா நான்? சாத்திட்டேன். கையில வந்தபடி ஒட்டினேன். மூணுல ஒரு வாய்ப்பு, சரியாவே ஒட்டியிருக்கலாம். விதி எப்படியோ அப்படின்னு விட்டுட்டேன்."

"நான் பாதியில நின்னப்பவே உனக்குத் தெரிஞ்சுபோச்சு."

"தெரிஞ்சுது."

"என் கணக்குல ஓட்டைன்னு சொன்னேன்."

"சொன்னே."

"வழியை எடுத்துடச் சொன்னேன். அவ எடுத்துட்டா. நீ ஜன்னல்ல பந்து விளையாட்டு பார்த்துட்டு நின்னே."

தார்தோ குடுவையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"பஸ் ஸ்டாப்புல நான் உனக்கு நன்றி சொன்னேன்டா," என்றான் எல்பியோ. அதைச் சொல்லும்போதுதான் அவன் குரல் உடைந்தது.

"அதான்டா," என்றான் தார்தோ மெதுவாக. "நீ நன்றி சொன்னதுக்கு அப்புறம் நான் எப்படிச் சொல்றது?"

எல்பியோ எழுந்து ஜன்னலருகே போனான். கீழே தெருவில் தண்ணீர் ஓடியது, சத்தமில்லாமல், ஊமைப் படம் போல. கட்டை விழுந்தது ஒன்றுமில்லை. கதவைச் சாத்தியதைக்கூட அவனால் விழுங்க முடியும். அவனுக்கும் அதில் பங்கு இருக்கிறது, வாய் அவனுடையது. ஆனால் அதற்குப் பிறகு மூன்று சனிக்கிழமைகள். ஒவ்வொன்றிலும் தார்தோ எதிரே உட்கார்ந்து கட்டையைத் திருப்பினான். இவோன் ஒரு தடவை அந்தப் பேச்சை எடுத்தபோது, "அவனை விடுங்கப்பா, புண்ணு ஆறட்டும்," என்றான். எவ்வளவு அக்கறையாகச் சொன்னான். இரவெல்லாம் தூங்காமல் அந்த "அதே போல"வை எல்பியோ பிரித்துப் பிரித்துப் பார்த்துக்கொண்டிருந்த நாட்கள் அவை. தன் மூளையைச் சந்தேகப்பட்டான். தன் வயதைச் சந்தேகப்பட்டான். அந்த முதல் நிமிடமே முறுக்கை எண்ணியிருந்தால் தெரிந்திருக்கும். எந்தக் கத்துக்குட்டியும் முதலில் அதைத்தான் செய்வான். அவன் ஏன் செய்யவில்லை? எண்ணினால், கலைத்துக் கொடுத்தவன் பக்கம் கண் போகவேண்டும். அந்தப் பக்கம் ஒரு கண் வைக்கவேண்டியிருக்கும் என்று அவனுக்குத் தோன்றவே இல்லை. அதுதான் அவன் செய்த பெரிய பிழை என்று இப்போது பட்டது. அது கணக்கில் வந்த பிழை இல்லை.

"எழுதறேன்," என்றான் தார்தோ பின்னாலிருந்து. "கிரிசெல்தாவுக்கு இப்பவே எழுதறேன். உன் வழி உன்கிட்ட திரும்பி வந்துடும்."

செல்பேசியில் நிறைய நேரம் தட்டினான், அழித்தான், மறுபடி தட்டினான். பிறகு நீட்டினான். "படி."

கலைக்கும்போது கட்டை தன் கையிலிருந்து விழுந்துவிட்டது, துண்டு மாறி ஒட்டியதைத் தான் கவனிக்கவில்லை, இன்றைக்குத்தான் அது தெரியவந்தது, எல்பியோவின் வழியில் எந்தத் தவறும் இல்லை, எல்லாம் தன்னால் வந்த வினை, மன்னிக்கவேண்டும் என்று எழுதியிருந்தது.

எல்பியோ அதை இரண்டு முறை படித்தான். கவனிக்கவில்லை, இன்றைக்குத்தான் தெரியவந்தது என்ற இடத்தைத் தவிர எல்லாம் உண்மை.

"இப்படியே அனுப்பட்டுமா?" என்றான் தார்தோ. அன்று முதல் முறையாக அவன் கண்ணில் கெஞ்சல் தெரிந்தது.

வேண்டாம், உள்ளதை எழுது என்று சொல்லலாம். சொன்னால்? ஆறு பேருக்கும் தெரியும். கூட்டம் இரண்டாகும், அல்லது இல்லாமலே போகும். இந்த ஊரில் இனி யாரும் யார் கலைத்ததையும் நம்பி வாங்கமாட்டார்கள். அந்தக் கட்டை வெறும் பிளாஸ்டிக் ஆகிவிடும். எழுதியிருக்கும்படி போனால் வழி பிழைக்கும், அவன் பெயரோடு. அவன் கேட்டதும் அதைத்தானே?

அவன் யோசித்துக்கொண்டே இருந்ததில் திரை அணைந்துவிட்டது. தார்தோ அதைக் கட்டைவிரலால் தொட்டு மறுபடி ஒளிரவைத்தான்.

"அனுப்பு," என்றான் எல்பியோ.

ஐந்து நிமிடம் ஆகவில்லை, பதில் வந்துவிட்டது. குரல் பதிவு. தார்தோ பழக்கதோஷத்தில் அதை ஒலிபெருக்கியில் போட்டுவிட்டான். அந்தத் தக்கை அறையில் கிரிசெல்தாவின் குரல் பக்கத்தில் உட்கார்ந்து பேசுவது போல அவ்வளவு துல்லியமாகக் கேட்டது.

"ஐயோ தார்தோ, நான் குதிச்சுட்டிருக்கேன் இங்க! எனக்கு அப்பவே மனசு ஒப்பலை, அவ்வளவு அழகான கணக்கு தப்பா இருக்காதுன்னு. இப்பவே மறுபடி பக்கத்துல போட்டுடறேன். இன்னொண்ணு சொல்லணும். இத்தனை நாள் கழிச்சு, 'தப்பு என்னோடது'ன்னு தானா வந்து சொல்ற ஆளுங்க எத்தனை பேர் இருக்காங்க? எல்பியோ, நீங்க பக்கத்துல இருந்தா கேட்டுக்குங்க, உங்களுக்கு இப்படி ஒரு சிநேகிதர் கிடைச்சது உங்க அதிர்ஷ்டம். அடுத்த மாசம் ரெண்டு பேரும் ரொசாரியோ வாங்க. எல்லார் முன்னாடியும் பண்ணிக் காட்டுங்க. தார்தோ, நீங்கதான் கலைச்சுக் கொடுக்கணும். அப்பத்தான் நல்லா இருக்கும்!"

பதிவு முடிந்தது. தார்தோ ஒலியைக் குறைக்கும் பொத்தானை அழுத்தினான், குறைக்க ஒன்றுமில்லாதபோது.

எல்பியோ ஈர மேல்சட்டையை மாட்டிக்கொண்டான்.

"போகப்போறியா, ரொசாரியோக்கு?" என்றான் தார்தோ.

"போகணும். என் வழி அது."

"நான் ஏதாவது சாக்கு சொல்லி நின்னுக்கறேன். இவோனைக் கூட்டிட்டுப் போ. அவ கலைச்சுக் கொடுக்கட்டும்."

"ஏன்னு கேப்பாங்க."

"வேலைன்னு சொல்றேன்."

"ரொசாரியோல வேலைன்னு சொல்லுவே. இங்க? ஒவ்வொரு சனிக்கிழமையும் என்னடா சொல்லுவே?" எல்பியோ கதவைத் திறந்தான். "இனிமே கலைச்சுக் கொடுக்க உனக்குப் பதிலா வேற ஆளை வைக்க முடியாது. நான்தானே அனுப்பச் சொன்னேன்."

தார்தோ எழுந்தான். காலுறையோடு படிக்கட்டுவரை வந்தான்.

"சனிக்கிழமை வருவேல்ல?"

"வருவேன்."

மழை விட்டபாடில்லை. பஸ் நிறுத்தத்தில் ஒரு கிழவி மட்டும், காய்கறிப் பையைத் தலைக்குப் பிடித்துக்கொண்டு நின்றாள். செல்பேசி அடித்தது. இவோன்.

"டேய் எல்பியோ! கிரிசெல்தா போட்டுட்டாளே, பார்த்தியா? உன் வழி உன் பேரோட! நான் கடையில கத்திட்டேன், வந்தவங்க பயந்துட்டாங்க. தார்தோ மடையன், கீழ போட்டுட்டுக் கவனிக்கலையாம். ஆனாலும் நல்லவன்டா, ஒத்துக்கிட்டான் பாரு. ஏய், கேக்குதா? ஏன் பேசமாட்டேங்கறே? சந்தோஷமா இல்லையா உனக்கு?"

"சந்தோஷமாத்தான் இருக்கேன்," என்றான் எல்பியோ. "மழைல நனைஞ்சுட்டேன், அவ்வளவுதான்."